ஸ்விஃப்ட் வளைவில் வெளியே தள்ளுகிறது: பின்பக்கம் தடித்த ஆன்ட்டி ரோல் பார் போடலாமா?

கேள்வி, 10 பிப்ரவரி 2024

என்னுடையது 2009ஆம் ஆண்டு 1.3 பெட்ரோல் ஸ்விஃப்ட். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் மூன்று முறை ட்ராக் டே (சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டும் நாள்) ஓட்டியிருக்கிறேன். வண்டியை 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங் போட்டிருக்கிறேன். ஷாக் அப்சார்பர்கள் கம்பெனியில் வந்தவையே. வளைவின் நடுவில் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு வெளியே போகிறது. பின்பக்கம் தடித்த ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி) போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். எத்தனை மி.மீ. கம்பி போடலாம், அண்ணா?

10 பிப்ரவரி, இரவு

போடலாம். நானும் இதே வண்டியில் இதே கேள்வியோடு தொடங்கியவன்தான். இந்த வண்டியில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன் அச்சின் மீதே உட்கார்ந்திருப்பதால் எடையில் ஐந்தில் மூன்று பங்குக்கும் மேல் முன் டயர்கள் சுமக்கின்றன. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பகுதி ஆகிய எல்லா வேலையும் அவற்றின் தலையிலேயே விழுகிறது. ஆகவே அண்டர்ஸ்டீர், அதாவது ஸ்டீயரிங்கை ஒடித்த அளவுக்குத் திரும்பாமல் மூக்கு வெளியே போவது, இந்த வண்டியின் பிறவிக்குணம்.

கணக்கைப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுபவருமாக 1,080 கிலோ, எடைமையம் தரையிலிருந்து ஏறக்குறைய அரை மீட்டர், இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.47 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.9 ஜி (புவியீர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு) பக்கவிசையில் வளையும்போது ஏறக்குறைய 330 கிலோ எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. இந்த 330ஐ ஸ்பிரிங்கோ கம்பியோ குறைக்க முடியாது. அதில் முன் அச்சு எவ்வளவு ஏற்கிறது, பின் அச்சு எவ்வளவு ஏற்கிறது என்ற பங்கீட்டை மட்டுமே அவை மாற்றும்.

பங்கீடு ஏன் முக்கியம் என்றால், சுமை கூடும் அதே விகிதத்தில் டயரின் பிடிமானம் கூடுவதில்லை. தலா 300 கிலோ சுமக்கும் இரண்டு டயர்கள் சேர்ந்து 600 கிலோ அளவுக்குப் பிடிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதே சுமை 500, 100 என்று பிரிந்தால், கூட்டுத்தொகை மாறாவிட்டாலும் பிடிமானம் 565 என்ற அளவுக்கு இறங்கிவிடும். எந்த அச்சில் எடை அதிகம் மாறுகிறதோ அந்த அச்சு முதலில் வழுக்கும். பின் அச்சு கூடுதலாக ஏற்றுக்கொண்டால் முன் அச்சு மூச்சுவிடும். பின்பக்கக் கம்பியின் தத்துவம் இவ்வளவுதான்.

தடிமனைப் பொறுத்தவரை ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். கம்பியின் முறுக்குவலிமை விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், 16 மி.மீ. கம்பியை எடுத்துவிட்டு 20 மி.மீ. போட்டால் வலிமை கால் பங்கு கூடுவதில்லை. ஏறக்குறைய இரண்டரை மடங்காகிறது.

11 பிப்ரவரி, காலை

நேற்றிரவு எழுதியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். இந்த வண்டியின் பின் அச்சில் நிற்கும் மொத்த எடையே ஏறக்குறைய 400 கிலோதான். ஒரு சக்கரத்துக்கு 200. பின் அச்சு தன் பங்காக 200 கிலோவை ஏற்றுக்கொண்ட கணத்தில் உள்பக்கப் பின்சக்கரம் காலியாகித் தரையை விட்டு எழுந்துவிடும். அதற்குப் பிறகு அங்கிருந்து மாற்றுவதற்கு எடையே இல்லாததால், கம்பி எவ்வளவு தடித்தாலும் மிச்சம் முழுவதும் முன் அச்சுக்கே போகும். பின்சக்கரம் தூக்கும் வரைதான் கம்பிக்கு வேலை.

நான் இதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 22 மி.மீ. கம்பியைப் போட்டு ஓட்டியபோது வண்டியின் நடத்தையில் கடுகளவு மாற்றமும் இல்லை. நண்பர் எடுத்த புகைப்படத்தில், உள்பக்கப் பின்சக்கரம் நான்கு விரல் உயரத்தில் நாய் கால் தூக்குவதுபோல் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கம்பி இப்போது எங்கள் மொட்டைமாடியில் துணி காயப்போடும் கொடியைத் தாங்குகிறது.

11 பிப்ரவரி, பிற்பகல்

படம் எடுத்த இடத்தைப் பற்றிக் கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் சுட்டிக்காட்டியது சரி. அந்தப் புகைப்படம் பிரேக்கை இன்னும் முழுதாக விடாமல் வளைவுக்குள் நுழையும் இடத்தில் எடுத்தது. பிரேக் போடும்போது எடை முன்னால் போகும், 0.4 ஜி பிரேக்கில், 2.39 மீட்டர் நீள அச்சிடைவெளியில், பின் அச்சிலிருந்து ஏறக்குறைய 90 கிலோ கழிந்துவிடுகிறது. அப்போது பின்சக்கரம் ஒன்றுக்கு 155 கிலோதான் மிஞ்சுவதால் அது எளிதில் எழுந்துவிடும். வளைவின் நடுவில், ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்திருக்கும்போது, அது தரையில் இருந்ததா என்பதை அந்தப் படம் சொல்லாது. கேட்டவர் சொல்லும் குறையோ நடுவில்தான் நிகழ்கிறது. ஆகவே என் கம்பி ஏன் பயன்படவில்லை என்பதற்கு நான் காலையில் சொன்ன காரணம் அரைக் காரணம்தான்.

14 பிப்ரவரி

நடுவில் என்று எழுதியிருக்கிறீர்கள், இருந்தாலும் முதலிலேயே உறுதிசெய்திருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். வெளியே தள்ளுவது நுழையும்போதா, நடுவிலா, வெளியேறும்போதா?

நுழையும்போது மட்டும் என்றால், வண்டியைத் தொடுவதற்கு முன் உங்கள் வலது காலைச் சந்தேகியுங்கள். பிரேக்கைச் சட்டென்று முழுதாக விட்டுவிட்டு ஸ்டீயரிங்கை ஒடிப்பவர்களுக்கு, முன் டயர் சுமை தேவைப்படும் அந்தக் கணத்தில்தான் மூக்கு மேலே எழுகிறது. நான் இரண்டு ஆண்டுகள் இதைச் செய்துவிட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரிடம் என் வண்டியைக் கொடுத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தபோது, அதே வளைவில் அதே வண்டி கோடு போட்டதுபோல் உள்ளே போனது. அன்று மாலை வீடு திரும்பும் வரை நான் அதிகம் பேசவில்லை.

வெளியேறும்போது என்றால், பெரும்பாலும் ஆக்சிலரேட்டரை அவசரப்பட்டு மிதிப்பது காரணம். சாதாரண டிஃபரன்ஷியல் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு) கொண்ட முன்சக்கர வண்டியில், எடை குறைந்த உள்பக்க முன்சக்கரம் சுழன்று சக்தியை வீணாக்கும். ஸ்டீயரிங்கை நேராக்கிக்கொண்டே மிதிக்க வேண்டும்.

நடுவில், ஒரே சீரான வேகத்தில், கையும் காலும் அசையாமல் இருக்கும்போதும் தள்ளுகிறது என்றால்தான் வண்டியின் குறை என்று துணிந்து சொல்லலாம்.

18 பிப்ரவரி

எந்தப் பொருளையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய காசில்லாத வேலை, காற்றழுத்தத்தைச் சூட்டில் பார்ப்பது. குளிர்ந்த டயரில் வைத்த எண்ணை நம்பி நாள் முழுவதும் ஓட்டுபவர்கள் நம்மில் அதிகம். காலையில் 30 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. வைத்த டயர், உள்ளே இருக்கும் காற்று 70 டிகிரிக்கு ஏறியதும் 33க்கு மேல் காட்டும். பத்து டிகிரிக்கு ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளலாம். பிப்ரவரிக் காலையில் சரியாக இருந்த எண் மே மாத மதியத்தில் தவறாகிவிடுவது இதனால்தான்.

ஐந்து சுற்று ஓட்டிவிட்டு, ஆறவைக்கும் சுற்று ஓட்டாமல் நேராகப் பிட்டுக்குள் (ட்ராக் ஓரத்தில் வண்டியை நிறுத்தும் இடம்) வந்து, அழுத்தத்தையும் டயரின் வெப்பத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பத்துக்கு ரப்பருக்குள் ஊசியைச் செருகும் வகை மானியே நல்லது; துப்பாக்கிபோல் நீட்டிப் பிடிக்கும் வகை டயரின் மேற்பரப்பை மட்டும் பார்க்கும், அது பிட்டுக்குள் வருவதற்குள்ளேயே ஆறிவிடும். டயரின் அகலத்தில் மூன்று இடங்களில் அளக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் அதிகச் சூடாக இருந்தால் காற்று அதிகம். வெளி ஓரம் கொதித்து உள் ஓரம் ஆறியிருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்பக்கம் சாய்ந்திருக்கும் அளவு, போதவில்லை.

என் வண்டியில், வலது வளைவுகளில் பாடுபடும் இடது முன் டயர், வெளியே 92, நடுவில் 81, உள்ளே 71 என்று காட்டியது. டயரின் உள் பாதி சும்மா ஊர்சுற்றிக்கொண்டிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

18 பிப்ரவரி, சற்றுப் பின்னர்

28 என்பது என் டயருக்கு நான் வைத்த எண். உங்கள் டயரின் பக்கச்சுவர் மென்மையானதென்றால் அது குறைவாகலாம். பக்கச்சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள். டயர் எந்த உயரம் வரை மடிந்து தரையில் தேய்ந்தது என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும்.

25 பிப்ரவரி

கேம்பர் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஸ்விஃப்டின் முன் ஸ்ட்ரட்டில் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) கேம்பரைத் திருத்தக் கம்பெனி வழி வைக்கவில்லை. ஸ்ட்ரட்டையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய வட்டம் கொண்ட கேம்பர் போல்ட்டைப் போட்டால் ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். நான் இரண்டு பக்கமும் மைனஸ் 1.8 டிகிரிக்குக் (மைனஸ் என்றால் தலை உள்ளே) கொண்டுவந்தேன். டயர் வெப்பம் வெளியே 80, நடுவில் 83, உள்ளே 86 என்று மாறியது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் ஓட்டினால் வளைவுக்குள் நுழையும்போது மூக்கு முன்னைவிட மந்தமாகத் திரும்பியது.

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று. சக்கரத்தின் தலையை உள்ளே சாய்த்தபோது சக்கரத்தைத் திருப்பும் ஸ்டீயரிங் டை ராடின் நீளம் மாறாததால், அச்சுக்குப் பின்னால் இருக்கும் ஸ்டீயரிங் கை வெளியே தள்ளப்பட்டு, சக்கரங்கள் முன்பக்கத்தில் ஒன்றையொன்று பார்க்கத் தொடங்கிவிட்டன. அதாவது நான் கேட்காமலேயே டோ இன் வந்துவிட்டது. கேம்பரைத் தொட்டால் டோவையும் அளக்க வேண்டும் என்ற பாலபாடத்தை நான் மறந்திருந்தேன்.

அளப்பதற்குப் பெரிய கருவி தேவையில்லை. சமதரையில் வண்டியின் இரு பக்கமும், வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக, சக்கர மைய உயரத்தில் மீன்பிடி நரம்பை இழுத்துக் கட்டி, ரிம்மின் முன் விளிம்பிலிருந்தும் பின் விளிம்பிலிருந்தும் நரம்புக்கு உள்ள தூரத்தை எஃகு அளவுகோலால் எடுத்தால் போதும். இரண்டுக்கும் 2 மி.மீ. வேறுபாடு இருந்தால் அந்தச் சக்கரம் 0.3 டிகிரி திரும்பியிருக்கிறது. நம் ஊரில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருவதால், இருக்கையில் எடை இல்லாமல் அளப்பது வீண். நாங்கள் 25 கிலோ அரிசி மூட்டைகள் மூன்றை ஓட்டுநர் இருக்கையில் அடுக்கி, விழாமல் சீட் பெல்ட்டும் போட்டுவிட்டு அளந்தோம். மளிகைக்கடைக்காரர் அதே மூட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார், ஆனால் காரணத்தை நம்பவில்லை.

இப்போது முன்பக்கம் சக்கரத்துக்கு 1 மி.மீ. டோ அவுட் (சக்கரத்தின் முன் விளிம்பு வெளியே பார்ப்பது) வைத்திருக்கிறேன். நுழைவு கூர்மையாயிற்று. நடுவளைவில் தள்ளுவது மட்டும் குறைந்ததே தவிர நிற்கவில்லை.

3 மார்ச்

தலைப்பிலுள்ள கேள்விக்கு உண்மையான விடை இன்றுதான் வருகிறது. கேட்டவர் தம் முதல் பதிவிலேயே அதைச் சொல்லியிருக்கிறார். நான்தான் கம்பியைப் பார்த்துக்கொண்டு ஸ்பிரிங்கைத் தாண்டிப் போய்விட்டேன்.

40 மி.மீ. தாழ்த்தியிருக்கிறார். ஷாக் அப்சார்பர் பழையது. அப்படியென்றால் ஸ்ட்ரட்டின் தண்டு நின்ற நிலையிலேயே 40 மி.மீ. உள்ளே போயிருக்கிறது, தண்டு முழுதாக உள்ளே போய் இடிக்காமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. என் வண்டியில் நான் இதே காரியத்தைச் செய்திருந்தபோது, நின்ற நிலையில் ரப்பருக்கு மிஞ்சியிருந்த இடைவெளி 22 மி.மீ. மட்டுமே. வண்டி ஒரு டிகிரி சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரம் ஏறக்குறைய 13 மி.மீ. மேலே வரும். இரண்டு டிகிரி சாய்வதற்குள் ரப்பர் முட்டிவிடும். முட்டியதும் அந்த மூலையின் ஸ்பிரிங் வலிமை ஒரே நொடியில் பல மடங்காகும். அந்த 330 கிலோவில் முன் அச்சின் பங்கு எகிறும், டயர் கைவிடும். நீங்கள் பின்பக்கம் எந்தக் கம்பியைப் போட்டாலும் முன்பக்கத்தில் ஒரு ரப்பர்த் தூண் அதைத் தோற்கடித்துக்கொண்டே இருக்கும். என் 22 மி.மீ. கம்பி பயன்படாமல் போனதற்கு மறு பாதிக் காரணம் இது.

இன்னொரு கெடுதலும் உண்டு. ஸ்விஃப்ட் போன்ற மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் வண்டியைத் தாழ்த்தும்போது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க் கையின் வெளி முனை மேலேறி, ரோல் சென்டர் (வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது) எடைமையத்தைவிட வேகமாக இறங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட நெம்புகோல் நீள்வதால், அதே ஸ்பிரிங்கில் தாழ்ந்த வண்டி உயர்ந்த வண்டியைவிட அதிகம் சாய முற்படும். தாழ்த்தினால் சாய்வு குறையும் என்று நம்பி நாம் செலவழிக்கிறோம். நிறுத்தி வைத்தால் அழகாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை.

சோதனை எளிது. ஸ்ட்ரட்டின் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, பளபளக்கும் தண்டின் மீது ஒரு கேபிள் டையை, கையால் நகர்த்தும் இறுக்கத்தில் மாட்டி, ஷாக் உடலோடு ஒட்டக் கீழே இறக்கிவிடுங்கள். ஐந்து சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். தண்டு எவ்வளவு உள்ளே போனதோ அவ்வளவு உயரத்தில் டை நிற்கும். ரப்பரின் அடியில் நசுங்கிக் கிடந்தால் விஷயம் முடிந்தது.

3 மார்ச், இரவு

பம்ப் ஸ்டாப்பை வெட்டிவிடலாமா என்று ஒருவர் கேட்கிறார். அரை அங்குலம் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். முழுதாக எடுத்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். ட்ராக்கின் ஓர மேடான கெர்ப் மீது ஏறியபோது ஷாக்கின் உள் வால்வே உடைந்தது. ரப்பர் தன் வேலையைத்தான் செய்கிறது. வேலை நேரத்தை நாம்தான் கூட்டிவிட்டோம்.

17 மார்ச்

கேட்டவரின் வண்டியை இன்று கரியில் நேரில் பார்த்தேன். இந்த ட்ராக்குக்குப் பெயர் தந்த கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்துக் கோவையிலேயே ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டியவர். அதே ஊரில் இன்று நாங்கள் கேபிள் டை வைத்து ஆராய்ச்சி நடத்தினோம்.

முதல் ஐந்து சுற்றுக்குப் பிறகு தம்பி ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து வைக்க, நான் சக்கர வளைவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்க டை, ரப்பரோடு ஒட்டி, பிரேக் தூள் படிந்த தண்டின் உச்சியில் இருந்தது. ரப்பரின் அடிவிளிம்பில் டையின் பூட்டு பதிந்த சதுரத் தழும்புகூடத் தெரிந்தது. மதிய இடைவேளையில், காரின் பின்னாலேயே கொண்டுவந்திருந்த கம்பெனி ஸ்பிரிங்குகளை நான்கு மூலையிலும் திரும்பப் போட்டோம். வேறு எதையும் தொடவில்லை. வண்டி கட்டுமரம்போல் சாய்ந்தது, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. சுற்று நேரம் ஒரு விநாடிக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது. நடுவளைவில் ஸ்டீயரிங்கைக் கூடுதலாக ஒடிக்க வேண்டியிருக்கவில்லை என்று அவரே சொன்னார்.

நிரந்தரத் தீர்வு கம்பெனி ஸ்பிரிங் அல்ல. நான் செய்தது இது: தாழ்த்துவதை 15 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டு, வலிமையைக் கம்பெனி ஸ்பிரிங்கைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக்கி, அதற்கேற்ற குட்டை உடல் ஷாக்கும் போட்டேன். ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டுப் பழைய ஷாக்கையே விட்டுவைத்தால், மேட்டில் ஏறி இறங்கிய பிறகும் வண்டி குதித்துக்கொண்டிருக்கும். ஷாக்கைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். ஷாக்கின் இறுக்கத்தைத் திருத்தும் திருகில் எனக்கு இரண்டு கிளிக்குக்கும் மூன்று கிளிக்குக்கும் வேறுபாடு தெரிவதில்லை, தெரிவதாகச் சொல்லும் நண்பர்களை மதிக்கிறேன்.

14 ஏப்ரல்

பின்பக்க டோ பற்றி ஓர் எச்சரிக்கை. பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் முறுக்கு பீமில் டோவைத் திருத்த முடியாது. பீமுக்கும் சக்கர அச்சுக்கும் நடுவில் சாய்வான ஷிம் (மெல்லிய தகடு) வைக்க வேண்டும். நான் லேத் பட்டறையில் ஷிம் கடைந்து, ஒவ்வொரு பின்சக்கரத்தையும் கால் டிகிரி வெளிநோக்கித் திருப்பினேன். கரியின் இறுக்கமான வளைவுகளில் வண்டி பம்பரம்போல் சுழன்று திரும்பியது, பெருமை தாங்கவில்லை.

அதே அமைப்போடு சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்குப் போனேன். 1990இல் திறக்கப்பட்ட அந்த ட்ராக் 3.7 கி.மீ. நீளமும் பன்னிரண்டு வளைவுகளும் கொண்டது. அங்கே வேகமே வேறு. நான்காவது கியரில் வளையும்போது முன்னால் ஒரு வண்டி மெதுவாகியதைக் கண்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். எடை முன்னால் போனது, பின் டயர்கள் இலேசாயின, வெளிநோக்கி இருந்த பின்சக்கரம் தன் வழியில் போகத் தொடங்கியது. ஒன்றரைச் சுற்று சுழன்று, மணலில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றேன். சேதமில்லை. இப்போது பின்பக்கம் சிறிதளவு டோ இன் இருக்கிறது, ஷிம்கள் டப்பாவில் இருக்கின்றன. மெதுவான வளைவில் கிடைக்கும் சுறுசுறுப்பை வேகமான வளைவின் நிதானத்தில் கழித்துத்தான் வாங்குகிறோம் என்பதை 10 பிப்ரவரி அன்றே எழுதியிருக்க வேண்டும்.

26 மே

கேட்டவர் குட்டை ஷாக்கும் இறுகிய ஸ்பிரிங்கும் போட்டு முடித்திருக்கிறார். இப்போது மறுபடியும் கேட்கிறார்: பின்பக்கக் கம்பி போடலாமா? இப்போது போடலாம். 16 மி.மீ.யில் தொடங்குங்கள். நடுவளைவில் பின்சக்கரம் தூக்குகிறதா என்று யாரையாவது படம் எடுக்கச் சொல்லுங்கள், பிரேக் போடும் இடத்தில் எடுக்க வேண்டாம்.

என் வண்டியில் ஒரு கணக்கு இன்னும் உதைக்கிறது. வலது வளைவுகளில் இடது முன் டை ரப்பருக்கு 6 மி.மீ. கீழே நிற்கிறது, இடது வளைவுகளில் வலது பக்க டை 19 மி.மீ. கீழே நிற்கிறது. நான் உட்காருவது வலப்பக்கம் என்பதால் இது நேர்மாறாக இருந்திருக்க வேண்டும். வலது வளைவுகள் வேகமானவை என்பது பாதிக் காரணமாக இருக்கலாம். இடது ஸ்பிரிங் தளர்ந்துவிட்டதா என்று பார்க்க, அடுத்த ஞாயிறு இரண்டு ஸ்பிரிங்குகளையும் இடம் மாற்றிப் போட்டு, அரிசி மூட்டைகளோடு மறுபடியும் உயரம் அளக்கப்போகிறேன்.